டிராக்கில் சக்கரம் காட்டும் அறிகுறிகள்: எதைக் கேட்டால் எங்கே பார்ப்பது

கோவையை அடுத்த செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள்) அன்று சொந்தக் காரோடு வருகிறவர்கள் இன்ஜின், சைலன்சர், பிரேக் பேட் பற்றியெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். சக்கரத்தைப் பற்றிக் கேட்டால் "டைட்டாத்தானுங்க இருக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவினாசி ரோட்டில் வருஷக்கணக்கில் ஓடியும் தலைகாட்டாத குறை, இங்கே மூன்றே சுற்றில் வெளியே வந்துவிடும். ஓங்கிப் பிடிக்கிற பிரேக், பிரேக் சூட்டில் வேகும் ஹப் (சக்கரம் மாட்டும் அச்சு முகம்), ஒரே பக்கத்து டயர்கள் மேல் திரும்பத் திரும்ப விழும் பாரம், வளைவின் ஓரத்துக் கெர்ப் மேட்டில் ஏறி இறங்கும் அடி, இவ்வளவும் சேர்ந்து இருபது நிமிஷம் நடக்கிறது.

அறிகுறிகளுக்குப் போகும் முன் ஒரு விஷயம். இது பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கும். சக்கரத்தை ஸ்டட் (ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட்டு ஏறும் மரைத்தண்டு) தாங்குவதில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கொஞ்சம் இழுபடுகிறது. அது மறுபடி சுருங்கப் பார்க்கிற விசைதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 12 எம்.எம். ஸ்டட்டை 100 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினால், கணக்குப்படி ஒரு ஸ்டட்டுக்குச் சுமார் 4 டன் அழுத்தம். ஆனால் ஸ்டட் இழுபடும் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அதாவது, இடையில் மயிரிழை அளவு ஏதாவது அமுங்கிப் போனாலும் அந்த 4 டன்னில் பெரும்பகுதி காணாமல் போய்விடும். டிராக்கில் சக்கரம் கழல்கிற கதைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன.

"டக்... டக்..." என்ற சத்தம், சுற்றுக்குச் சுற்று கூடும் ஆட்டம்

வளைவுக்குள் நுழையும்போதோ, ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதோ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சத்தம் வருகிறது. முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங் வேகத்தைப் பற்றிக் கவலையில்லாமல் நடுங்கும். பின் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கில் ஒன்றும் தெரியாது. வண்டியின் பின்பக்கம் லேசாக நெளிவது போலச் சீட்டில் தெரியும்.

இது வந்தால் பிட் (வண்டியை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வரை ஓட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். ஆக்சிலரேட்டரை மெல்ல விடுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், கையைக் காட்டியபடி ரேசிங் லைனை (மற்ற கார்கள் வேகமாக வரும் வழியை) விட்டு விலகி, மார்ஷல் (டிராக் ஓரத்தில் கொடியோடு நிற்கும் பாதுகாப்பு ஆள்) நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்துங்கள். மார்ஷல் சொல்லும்வரை பெல்ட்டோடு உள்ளேயே இருங்கள். 2001-இல் மெல்போர்னில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில், விபத்தில் பிய்ந்த சக்கரம் ஒன்று வேலியின் இடைவெளி வழியாகப் பாய்ந்து ஒரு மார்ஷலின் உயிரைப் பறித்தது. அந்தக் கார்களில் சக்கரம் பிய்ந்து பறக்காமல் இருக்கக் கட்டும் கயிறு 1999-லிருந்தே கட்டாயம். இருந்தும் அப்படி நடந்தது. நம் ஸ்விஃப்ட்டிலும் போலோவிலும் அந்தக் கயிறும் கிடையாது. சக்கரம் கழன்றால் அடிபடப்போவது ஓட்டுகிறவர் மட்டுமல்ல. கொடி பிடித்து நிற்கும் பையனும்தான்.

சரி, வண்டி பிட்டுக்கு வந்துவிட்டது. உடனே ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் முறுக்கிவிட்டு அடுத்த செஷனுக்குப் போவதுதான் வழக்கமாக நடப்பது. அப்படிச் செய்தால் காரணம் என்னவென்று தெரியாமலே போய்விடும். முதலில் எந்த நட்டு எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எல்லா நட்டும் ஏறக்குறைய ஒரே அளவு தளர்ந்திருந்தால், ரிம்மும் ஹப்பும் சேரும் முகத்தில் ஏதோ அமுங்கியிருக்கிறது, அல்லது ஆரம்பத்திலேயே இறுக்கம் போதவில்லை. ஒன்றோ இரண்டோ மட்டும் தளர்ந்திருந்தால், அந்த நட்டு உட்காரும் குழியிலோ மரையிலோ ஸ்டட்டிலோ குறை.

எல்லாம் தளர்ந்த கேஸ்தான் அடிக்கடி வருவது. சக்கரத்தைக் கழற்றி ரிம்மின் பின்முகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு முறை பிட்டில், புதிதாகப் பவுடர் கோட்டிங் அடித்த கறுப்பு ரிம்மோடு ஒரு தம்பி நின்றுகொண்டிருந்தார். "காலையிலதானுங்ணா டார்க் ரெஞ்ச் வச்சு டைட் பண்ணுனேன், அதுக்குள்ள கால் சுத்து போகுதுங்" என்றார். டார்க் ரெஞ்ச் என்பது, வைத்த அளவு முறுக்கு வந்ததும் "க்ளிக்" சொல்லும் ஸ்பேனர். பொய் இல்லை. கழற்றிப் பார்த்தால், ஹப் உட்காரும் வட்டத்தில் பெயின்ட் நசுங்கி, விளிம்பில் மெல்லிய வரப்பாக ஒதுங்கி நின்றது. நட்டுக் குழிகளிலும் கறுப்பு உரிந்து கீழே வெள்ளையாக அலுமினியம் பளிச்சிட்டது. பவுடர் கோட்டிங்கின் தடிமன் ஏறத்தாழ ஸ்டட் இழுபடுகிற நீளம்தான். பிரேக் சூட்டில் அது இளகி அமுங்கியதும் மொத்த இறுக்கமும் போய்விட்டது. அவர் டைட் பண்ணியதில் குற்றமில்லை. பெயின்ட் அடித்தவர் அந்த முகத்தை டேப் ஒட்டி மறைக்காததுதான் குற்றம். ரிம் பெயின்டுக்குக் கொடுக்கும்போது "ஹப் முகத்திலும் நட்டுக் குழியிலும் படக்கூடாது" என்று சொல்லிவிட்டே கொடுங்கள். ஏற்கெனவே பட்டிருந்தால் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுக்கலாம். கிரைண்டரை அங்கே கொண்டுபோகாதீர்கள், முகம் கோணிவிடும்.

பெயின்ட் இல்லையென்றால் ஹப் பக்கம் துரு, ரிம் பக்கம் செதில் விட்ட அலுமினிய உப்பு, பிரேக் டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவில் மாட்டிய பொடி மணல். எல்லாவற்றையும் கம்பிப் பிரஷ் போட்டுச் சுத்தமான உலோகம் தெரியும்வரை தேய்த்து எடுக்க வேண்டும். பிட்டில் சக்கரம் மாற்றும்போது கழற்றிய நட்டுகளை மண்ணில் வைக்காதீர்கள். ஒரு தட்டோ துணியோ போதும். மரைக்குள் போன மணல், டார்க் ரெஞ்சை ஏமாற்றிவிடும்.

அடுத்தது நட்டின் முகம். இதில் தப்பு செய்கிறவர்கள் நிறையப் பேர். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் கூம்பு வடிவக் குழி. ஹோண்டாவின் கம்பெனி ரிம்மிலும் போலோவின் கம்பெனி ரிம்மிலும் உருண்டைக் குழி. கம்பெனி நட்டை எடுத்து வெளி ரிம்மில் போட்டால் மரை சரியாக ஏறும், டைட்டும் ஆகும், ஆனால் குழியில் ஒரு மெல்லிய கோட்டளவுதான் தொட்டுக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் நட்டின் முகத்தில் மார்க்கர் மை தடவி, இறுக்கி, கழற்றிப் பாருங்கள். மை அகலப் பட்டையாக அழிந்திருந்தால் சரி. ஒரு வளையக் கோடாக மட்டும் அழிந்திருந்தால் அந்த நட்டு அந்த ரிம்முக்கு ஆகாது.

அப்புறம் மரை. ஸ்டட்டின் குறுக்களவு எவ்வளவோ, அவ்வளவு நீளமாவது நட்டுக்குள் மரை பிடித்திருக்க வேண்டும். 12 எம்.எம்., 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம், எம்.எம்.மில்) என்றால் கையால் திருகும்போது குறைந்தது 8 முழுச் சுற்று. ஸ்விஃப்ட் போன்ற 1.25 பிட்ச்சுக்கு ஒன்பதரை. போலோவில் ஸ்டட்டும் நட்டும் இல்லை, 14 எம்.எம். போல்ட்டு, அதற்கும் ஒன்பதுக்கு மேல் வர வேண்டும். ரிம்மை வெளியே தள்ள 5 எம்.எம். ஸ்பேசர் போட்டவர்கள் இதை எண்ணியே ஆக வேண்டும். அந்த 5 எம்.எம்.மில் 1.5 பிட்ச் என்றால் மூன்று சுற்றுக்கு மேல் போய்விடும். ஸ்பேசர் போட்டால் நீளமான ஸ்டட் போடுங்கள், இல்லையென்றால் ஸ்பேசரே வேண்டாம்.

இனி இறுக்குவது. நம் ஊரில் ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஏறி மிதிப்பது ஒரு வழி. ஏர் கன்னை வைத்துச் சத்தம் மாறும்வரை அடிப்பது இன்னொரு வழி. இரண்டிலும் எவ்வளவு இறுகியது என்று யாருக்கும் தெரியாது. கணக்கு மேனுவலில் இருக்கிறது: ஹோண்டா 108, போலோ 120 நியூட்டன் மீட்டர், ஸ்விஃப்ட் தலைமுறையைப் பொறுத்து 85-லிருந்து 100 வரை. சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே எல்லா நட்டையும் கையால் கடைசிவரை திருகுங்கள். பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக மாறி மாறி ஒட்டவையுங்கள். டயர் தரையைத் தொடும் அளவு இறக்கி, முதலில் பாதி அளவு, பிறகு முழு அளவு. ஒரு "க்ளிக்" கேட்டால் போதும். உறுதிக்காக இன்னும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பது, கூட இறுக்குவதில்தான் முடியும். டார்க் ரெஞ்சால் நட்டைக் கழற்றாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைத்து வைத்துவிடுங்கள். காலிபரேஷன் பார்த்துத் தரும் லேப்கள் கோவையில் நிறைய உண்டு. பம்ப்பும் மோட்டாரும் செய்யும் ஊரில் இருந்துகொண்டு பொய் சொல்லும் ரெஞ்சோடு டிராக்குக்குப் போக வேண்டியதில்லை.

மரைக்கு கிரீஸோ ஆயிலோ போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். மேனுவலில் சொல்லும் அளவு பொதுவாகக் காய்ந்த, சுத்தமான மரைக்கு உரியது. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது. மீதி மரையிலும் நட்டின் முகத்திலும் உராய்வாகவே தீர்ந்துவிடும். அந்த உராய்வை கிரீஸ் குறைத்தால், ரெஞ்சு அதே அளவில் க்ளிக் சொன்னாலும் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

செஷன் முடிந்து வந்ததும் சூட்டோடு சூடாக நட்டைத் தொடாதீர்கள். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூட்டில் ரிம் விரிந்து தானே ஸ்டட்டை இழுத்துப் பிடித்திருக்கும், அப்போது பார்த்தால் எல்லாம் டைட்டாகத்தான் தெரியும். ரிம்மில் வெறுங்கை வைக்க முடிகிற அளவு ஆறிய பிறகு, தளர்த்தாமல், அதே அளவில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சக்கரம் மாட்டிய பிறகு முதல் செஷனில் நட்டு லேசாக நகர்வது சகஜம். இரண்டாவது செஷனிலும் நகர்ந்தால் அன்றைக்கு அந்தச் சக்கரம் ஓடக்கூடாது, காரணம் தெரியும்வரை. நட்டிலிருந்து ரிம் வரை வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்து வைத்தால், தூரத்திலிருந்தே தெரியும்.

நட்டைச் சுற்றிக் கறுப்புப் பொடி, துருக் கோடு

சத்தம் எதுவும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஆனால் ரிம்மைக் கழுவும்போது நட்டுக் குழியிலிருந்து வெளிநோக்கி ஒரு பழுப்புக் கோடு, அல்லது அலுமினியம் அரைந்த கறுப்புப் பொடி. ரிம்மும் நட்டும் கண்ணுக்குத் தெரியாத அளவு உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். பிரேக் தூசு ரிம் முழுக்கப் படியும். இது நட்டிலிருந்து மட்டும் கிளம்பும். குழி வட்டம் மாறி முட்டை வடிவம் ஆகியிருந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. புது நட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாது.

ஸ்டட் உடைந்தது

உடைந்த முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி வழுவழுப்பாகவும் மீதி சொரசொரப்பாகவும் இருந்தால், அது பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து கடைசியில் முறிந்தது. தளர்வாக ஓடியதால் வருவது. ஸ்டட்டின் நடுவில் மரை இழுபட்டு, இடுப்பு சிறுத்து முறிந்திருந்தால் பைப்பும் ஏர் கன்னும் செய்த வேலை. இரண்டு வகையானாலும் அந்த ஹப்பில் உள்ள எல்லா ஸ்டட்டையும் மாற்றுங்கள். ஒன்று உடையும்வரை மற்றவை கூடுதல் பாரத்தைச் சுமந்திருக்கின்றன. "நாலுல ஒண்ணுதானே போச்சு, மூணு இருக்குதே" என்று இன்னொரு செஷன் போவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

புது ஸ்டட்டை ஹப்பில் ஏற்ற பிரஸ் வேண்டும். நட்டைப் போட்டு ஏர் கன்னால் இழுத்து உட்காரவைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. புது ஸ்டட்டை மாட்டும்போதே இழுத்துக் கெடுக்கிற வேலை அது.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுக்கம்

80-இல் தொடங்கி 100-இல் கூடி 120-இல் குறைந்தால் அது பெரும்பாலும் பேலன்சிங். முதலில் டயரைத் தடவிப் பாருங்கள். டிராக்கின் ஓரத்தில் கிடக்கும் ரப்பர் துகள்கள் சூடான டயரில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொள்ளும்; சாலையில் கொஞ்ச தூரம் ஓடினால் உதிர்ந்துவிடும், பயப்பட ஒன்றுமில்லை. அது இல்லையென்றால் ரிம்மின் உள்பக்கம் பேலன்சுக்காக ஒட்டிய எடை விழுந்திருக்கும். பிரேக் சூட்டில் பசை இளகுவதுதான் காரணம். ஒட்டும் முன் ரிம்மை நன்றாகத் துடைத்து, ஒட்டிய பின் மேலே அலுமினிய டேப் போடச் சொல்லுங்கள்.

எடை இருக்கிறது, இருந்தும் நடுங்குகிறது என்றால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்திருக்கலாம். டயர் மாட்டும்போது சோப்புத் தண்ணீரை அள்ளிப் பூசி, ஈரம் காயும் முன்பே டிராக்கில் இறங்கினால் இது நடக்கும். வால்வுக்கு நேராக டயரில் ஒரு கோடு போட்டு வைத்தால் உடனே தெரியும்.

வெளி ரிம் போட்டவர்கள் நடுத்துளையையும் பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட்டின் ஹப் 54.1 எம்.எம்., போலோவுக்கு 57.1. வெளி ரிம்மின் துளை இதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்க வளையம் போடுவார்கள். பிளாஸ்டிக் வளையம் சாலைக்குச் சரி, டிராக் சூட்டில் இளகிவிடும். அலுமினியத்தில் கடைந்து போடுங்கள். அளவைச் சரியாகச் சொன்னால் கணபதியிலோ பீளமேட்டிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கடைந்து தந்துவிடுவார்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுக்கம்

இது சக்கரக் குறை இல்லை, டிஸ்க். ஆனால் அதற்கும் காரணம் சில நேரம் சக்கரத்தில்தான் இருக்கிறது: நட்டுகளை ஒன்றுக்கொன்று சமமில்லாமல் இறுக்கினால், ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையில் நசுங்கும் டிஸ்க் கோணிக்கொள்ளும். டிராக்கிலிருந்து வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பிரேக் பெடலையும் மிதித்துக்கொண்டு நிற்காதீர்கள். சூடான பேட் டிஸ்க்கில் தன் அச்சைப் பதித்துவிடும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தால் போதும்.

"ஊஊ" என்ற இரைச்சல், வளைவில் கூடிக் குறைவது

வீல் பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் பாரம் ஏறும் வலப்பக்கப் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. டயர் சத்தத்தோடு குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் டயர் சத்தம் ரோடு மாறினால் மாறும், பேரிங் சத்தம் மாறாது.

சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் இரண்டு கையால் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங், அல்லது பால் ஜாயின்ட். ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்தான். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் டை ராடைப் பாருங்கள். பேரிங் ஆட்டத்துக்கு இன்னொரு அடையாளம் உண்டு. வளைவு முடிந்து நேர் ரோட்டில் வந்து பிரேக்கை மிதித்தால் பெடல் முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் சரியாக நிற்கும். சாய்ந்த டிஸ்க், பேடை உள்ளே தள்ளிவிட்டிருக்கும். பிரேக்கில் காற்று இருக்கிறது என்று நினைத்துப் பலர் இதற்கு ஆயில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

காற்று மெல்ல இறங்குகிறது

பஞ்சர் கடையில் ஆணி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் வாரத்துக்கு 4, 5 பி.எஸ்.ஐ. குறைகிறது. டிராக்கில் ஓடும் அலாய் ரிம்மில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். வால்வு மூடி இல்லாமல் ஓடுவதும் ஒரு காரணம். அதன் பிறகு ரிம்மின் உள்பக்க உருளையில், பிரேக்கை ஒட்டிய பகுதியில் சோப்புத் தண்ணீர் பூசுங்கள். அங்கே முட்டை விட்டால் விரிசல்.

விரிசல் வரும் இடங்கள் மூன்று: உள்விளிம்பு, ஸ்போக் வளையும் அடிப்பகுதியின் பின்புறம், இரண்டு நட்டுத் துளைகளுக்கு நடுவில். கண்ணுக்குத் தெரியாததைக் காண, வார்ப்படப் பட்டறைகளில் தினமும் பயன்படுத்தும் டை பெனட்ரன்ட் இருக்கிறது. மூன்று ஸ்பிரே டப்பா. முதலாவதால் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தை அடித்துப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஊறவிட்டு, அதைத் துணியால் துடைத்து, கடைசியில் வெள்ளைப் பொடியை அடித்தால், விரிசலுக்குள் போன சாயம் வெள்ளையின் மேல் சிவப்பு நூலாக ஊறி வரும். நான்கு சக்கரத்துக்கும் ஒரு மாலைப்பொழுது போதும். கோவையில் இந்த டப்பா கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை, பண்ணித் தரும் ஆளுக்கும் பஞ்சமில்லை.

விரிசல் கண்ட ரிம்மை ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார்கள். சாலைக்குக்கூட வேண்டாம் என்பேன். டிராக்குக்கு நிச்சயம் வேண்டாம். பெரும்பாலான அலாய் ரிம்கள் வெப்பப் பதம் கொடுத்துத்தான் பலம் பெறுகின்றன. வெல்டிங் சூடு அந்தப் பதத்தை அந்த இடத்தில் அழித்துவிடும், அடுத்த விரிசல் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே வரும். நெருப்புக் காட்டிப் பெண்ட் எடுத்த ரிம்முக்கும் இதே கதிதான். செகண்ட் ஹேண்டில் ரிம் வாங்கினால் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பின்பக்கம் வார்த்த எழுத்தில் எவ்வளவு கிலோ தாங்கும் என்ற எண் இல்லாத ரிம்மை டிராக்குக்கு எடுக்கவே வேண்டாம்.

டயரின் தோள் தேய்கிறது, எழுத்து வரை அழிந்திருக்கிறது

காற்று குறைவு. பல டயர்களின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதைத் தாண்டி இறங்கினால் பக்கச்சுவர் ரோட்டில் படுகிறது. ஓட ஓட 4-லிருந்து 8 பி.எஸ்.ஐ. வரை ஏறுவது இயல்பு, அதனால் குளிர்ந்த அளவையும் பிட்டுக்கு வந்தவுடன் உள்ள அளவையும் எழுதி வைத்து ஒப்பிடுங்கள். மற்ற மூன்றையும்விட ஒரு டயர் மட்டும் குறைவாக ஏறினால் அதில் காற்று கசியலாம். மேலே சொன்ன சோப்புத் தண்ணீரை எடுங்கள். டயர் தேதியையும் பாருங்கள், பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்.

நட்டு கழலவே மாட்டேன் என்கிறது

சூட்டோடு முயற்சி செய்யாதீர்கள், ஆறட்டும். நீளமான கைப்பிடி போட்டு மெதுவாக, சீராக இழுங்கள். கழன்று வந்த பிறகு நட்டைக் கையால் அந்த ஸ்டட்டில் திருகிப் பாருங்கள். வழவழவென்று கடைசிவரை போகவில்லை என்றால் இரண்டையும் மாற்றுங்கள். திருட்டுக்குப் பயந்து போடும் லாக் நட்டு இருந்தால் வீட்டிலேயே கழற்றிவிட்டுச் சாதா நட்டுப் போட்டு வாருங்கள். அதன் சாவி சூட்டில் மழுங்கி வழுக்கினால், பிட்டில் யாராலும் அந்தச் சக்கரத்தை எடுக்க முடியாது. ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை வையுங்கள், காரைத் தூக்கியதும் ஸ்டாண்டு கொடுங்கள். மழை பெய்த மறுநாள் மண் தரையில் ஜாக்கி எவ்வளவு சீக்கிரம் சாயும் என்பது இந்தப் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் தெரியும்.